ஜப்பானியப் பயிற்சி விமான மாடலில் நிறம் தப்பினால்: அறிகுறி வாரியாகச் சரிபார்க்கும் முறை

இரண்டாம் உலகப் போர்க்கால ஜப்பானியப் பயிற்சி விமானம் என்றதுமே மாடல் கட்டுகிறவர்களின் கை ஆரஞ்சு பாட்டிலுக்குப் போய்விடும். பல நேரம் அது சரிதான். தப்பும் இடங்களில், முழு விமானமும் முடிந்த பிறகுதான் தப்பு கண்ணில் படும். கீழே உள்ளவை திரும்பத் திரும்ப வரும் கோளாறுகள். உங்கள் மாடலில் தெரியும் அறிகுறியைத் தேடி நேராக அந்தத் தலைப்புக்குப் போங்கள். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில், காசு கேட்கும் காரணம் கடைசியில்.

எந்த அறிகுறியானாலும் மூன்று விவரம் கையில் இருக்க வேண்டும்: விமானம் கடற்படையுடையதா தரைப்படையுடையதா, ஏறக்குறைய எந்த ஆண்டு, ஆதாரமாக வைத்திருக்கும் படம் அசல் கறுப்பு வெள்ளையா பின்னால் நிறமேற்றியதா. நிறமேற்றிய படம் என்றால் அதை ஆதாரக் கணக்கில் சேர்க்காதீர்கள். நிறமேற்றியவரும் உங்களைப் போல ஊகித்தவர்தான். இப்போது கணினியே ஊகிக்கிறது.

## அறிகுறி 1: நிறம் அளவுக்கு மீறிச் சிவந்து தெரிகிறது

பாட்டிலைப் பாருங்கள். தமியா எக்ஸ்-6 அல்லது மிஸ்டர் கலர் சி59-ஐ அப்படியே அடித்திருந்தால் காரணம் அதுதான். இரண்டும் முழு ஆரஞ்சு. ஜப்பானியக் கடற்படை பயிற்சி விமானங்களுக்கு அடித்தது மஞ்சள் பக்கம் சாய்ந்த ஆரஞ்சு. கடைத்தெருவில் விற்கும் துலுக்கச் சாமந்தியில் மஞ்சள் ஒன்று, ஆரஞ்சு ஒன்று உண்டல்லவா? அந்த இரண்டுக்கும் நடுவில், மஞ்சளுக்குச் சற்றுக் கிட்டத்தில் நிறுத்துங்கள். கடற்படையின் யோகோசுகா கே5ஒய் என்ற பயிற்சி விமானத்துக்குச் ‘செந்தும்பி’ என்று பட்டப்பெயர் இருப்பதால் பலர் சிவப்பைக் கூட்டிவிடுகிறார்கள். பட்டப்பெயரை வைத்து பெயின்ட் கலக்க வேண்டாம்.

லாக்கர் வகை பெயின்டில் (தின்னரில் கரைவது) வேலை செய்தால் மிஸ்டர் கலர் சி58, தண்ணீர் வகையில் அதே கம்பெனியின் எச்24. இரண்டையும் கலக்காமல் அடிக்கலாம். தமியா அக்ரிலிக் மட்டும்தான் கிடைக்கிறது என்றால் எக்ஸ்எஃப்-3 மஞ்சள் நான்கு பங்கு, எக்ஸ்-6 ஆரஞ்சு ஒரு பங்கு என்று தொடங்கி, ஆரஞ்சைச் சொட்டுச் சொட்டாகக் கூட்டுங்கள். கலவையை மொத்தமாக ஒரே பாட்டிலில் போட்டு வையுங்கள். இருபடை விமானத்துக்கு (மேலும் கீழும் இரண்டு அடுக்கு இறக்கை உள்ளது) நான்கு இறக்கைப் பகுதிகள், அவற்றின் மேலும் கீழும், உடல், வால் எல்லாம் சேர்ந்தால் நினைப்பதைவிட அதிகம் செலவாகும். இரண்டாவது முறை கலப்பது முதல் கலவையோடு ஒருநாளும் ஒத்துப்போகாது.

அடிப்பூச்சைப் பாருங்கள். சிவப்பு ஆக்சைடு ப்ரைமர், அல்லது அடர்ந்த இளஞ்சிவப்பு அடித்திருந்தால் மேல் கோட் மெல்லியதாக இருக்கும் இடமெல்லாம் சிவந்து தெரியும். பிளாஸ்டிக் ஸ்பூன் ஒன்றில் வெள்ளை அடித்து அதன்மேல் இதே பெயின்டைப் பூசி அருகில் வைத்துப் பாருங்கள். ஸ்பூன் சரியாக வந்தால் பெயின்ட்மேல் குற்றமில்லை.

வாஷைப் (கோடுகளை எடுத்துக்காட்ட ஓட்டும் நீர்த்த பெயின்ட்) பாருங்கள். செம்பழுப்பு வாஷை முழு மேற்பரப்பிலும் ஓட்டினால் ஆரஞ்சு செங்கல்லாகிவிடும். இந்த நிறத்துக்கு அடர்ந்த பழுப்பு அல்லது சாம்பல் பழுப்பு வாஷ், அதுவும் கோடுகளில் மட்டும்.

திருத்த முழுதாகக் கழுவ வேண்டியதில்லை. சி58-இல் கால் பங்கு மஞ்சள் கலந்து, நன்றாக நீர்க்க வைத்து, பேனல்களின் நடுவில் மூட்டம்போல் ஒரு கோட் அடித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

## அறிகுறி 2: எலுமிச்சை மஞ்சளாகத் தெரிகிறது

பெரும்பாலும் கிட்டில் இருக்கும் அடையாள மஞ்சளை உடம்பு முழுக்க அடித்திருப்பார்கள். 1942-க்குப் பிறகு கடற்படைப் போர் விமானங்களின் இறக்கை முன்விளிம்பில் வந்த அடையாளப் பட்டையும் பயிற்சி விமான நிறமும் அக்கம்பக்கத்து நிறங்கள். பயிற்சி விமானத்துக்கு ஒரு படி கூடுதல் சிவப்பு வேண்டும். சி58 பத்துப் பங்குக்கு சி59 இரண்டு பங்கு கலந்து ஒரு மெல்லிய கோட் போதும்.

இன்னொரு காரணம், சின்ன அளவு மாடலுக்கு நிறத்தை வெளுக்க வேண்டும் என்று வெள்ளையைக் கலப்பது. ஆரஞ்சில் வெள்ளை கலந்தால் வெளுக்காது, பீச் நிறமாகிவிடும். 1/72-க்கு வெளுப்பு வேண்டுமென்றால் மஞ்சளைக் கலந்து வெளுக்குங்கள். 1/48-க்கு ஒன்றுமே கலக்காமல் விடலாம் என்பது என் கட்சி.

## அறிகுறி 3: படத்தில் விமானம் கறுத்திருக்கிறது, பச்சையா ஆரஞ்சா தெரியவில்லை

அதிகம் பேர் சறுக்கும் இடம் இது. ஒரே கே5ஒய் விமானம் ஒரு படத்தில் ஏறக்குறைய வெள்ளையாகவும் இன்னொரு படத்தில் ஏறக்குறைய கறுப்பாகவும் வரும். விமானம் மாறவில்லை, ஃபிலிம் மாறியிருக்கிறது. ஆர்த்தோகுரோமாட்டிக் ஃபிலிமுக்குச் சிவப்பு தெரியாது. ஆரஞ்சையும் மங்கலாகத்தான் வாங்கும். பான்குரோமாட்டிக் ஃபிலிம் எல்லா நிறத்தையும் வாங்கும். மஞ்சள் ஃபில்டர் போட்டால் ஆரஞ்சு இன்னும் வெளுக்கும்.

படத்தைப் பெரிதாக்கி இந்த வரிசையில் பாருங்கள்.

1. ஹினோமாரு என்ற ஜப்பானியச் செவ்வட்டக் குறிக்கும் சுற்றியுள்ள பரப்புக்கும் எவ்வளவு வித்தியாசம்? வட்டம் கறுத்து, சுற்றிலும் பளிச்சென்று இருந்தால் ஆரஞ்சு விமானம், பான்குரோமாட்டிக் ஃபிலிம். கேள்வி இங்கேயே முடிந்தது. இரண்டும் ஏறக்குறைய ஒரே இருட்டாக, வட்டத்தின் விளிம்பைத் தேட வேண்டியிருந்தால் அடுத்த படிக்குப் போங்கள்.
2. வட்டத்தைச் சுற்றி வெள்ளை வளையம் உண்டா? கடற்படை அடர்பச்சைப் பரப்பின்மேல் செவ்வட்டம் பளிச்சென்று தெரிய 75 மி.மீ. வெள்ளை வளையம் வைத்தது. முழு ஆரஞ்சு விமானத்தில் பொதுவாக வளையம் இராது. வளையம் இருந்தால் பச்சை என்ற பக்கம் சாயுங்கள். இல்லையென்றால் உடனே ஆரஞ்சு என்று முடிவுகட்டாதீர்கள். வளையத்தைப் பின்னால் அடைத்த விமானங்களும் உண்டு.
3. வானம், தோல், புல் எப்படி இருக்கின்றன? வானம் வெறும் வெள்ளை, ஆட்களின் உதடும் முகமும் கறுத்துப்போயிருந்தால் ஆர்த்தோகுரோமாட்டிக் என்று கொள்ளலாம். அப்படியானால் ‘கறுத்த’ விமானம் ஆரஞ்சாகவே இருக்கலாம்.
4. உடலின் பக்கவாட்டில் கீழே ஒரு எல்லைக்கோடு உண்டா? பச்சை மேலே, ஆரஞ்சு கீழே என்றால் வால் அடியிலோ இறக்கையின் அடி விளிம்பிலோ இரண்டு சாயல் தெரியும். ஆர்த்தோ படத்தில் இந்தக் கோடு மிக மங்கலாகவே வரும். படத்தின் ஒளிமாறுபாட்டைக் கூட்டிப் பாருங்கள்.

நான்கும் கைவிட்டால், அதே பிரிவின் அதே காலத்து வேறு படத்தைத் தேடுங்கள். ஒற்றைப் படத்தை வைத்து வாதாடுவதைவிட, வாலில் அதே பிரிவுக் குறி உள்ள இரண்டாவது படம் ஒன்று மேல்.

அருங்காட்சியக விமானத்தின் இன்றைய வண்ணப்படத்தைக் காட்டி முடிவு செய்கிறவர்களும் உண்டு. ஜகார்த்தாவின் சத்ரியமண்டல அருங்காட்சியகத்தில் ஒரு கே5ஒய் நிற்கிறது. ஜப்பானியர் விட்டுப்போன இந்த வகையை இந்தோனேசியர் ‘சுரெங்’ என்று அழைத்து, 1947 ஜூலையில் டச்சுக்காரர்கள்மேல் குண்டுபோடவே பயன்படுத்தினார்கள். விமானத்தின் கட்டமைப்பு பார்க்க அருமையான மாதிரி. ஆனால் இன்று தெரியும் பூச்சு பின்னால் வந்தது, போர்க்கால நிறத்துக்குச் சாட்சியாகாது. இதற்கு மாறாக, 1943-இல் தொவாதா ஏரியில் விழுந்து 2012-இல் மேலே எடுக்கப்பட்ட தச்சிகாவா கி-54 போன்றவற்றில் எஞ்சியிருப்பது அந்தக் காலத்துப் பூச்சு. ஆதாரம் என்றால் அந்த மாதிரிதான்.

## அறிகுறி 4: முழு ஆரஞ்சா, மேலே பச்சையா என்று முடிவாகவில்லை

கே5ஒய்1, கே5ஒய்2: 1934-இல் சேவைக்கு வந்தது. 5,700-க்கும் மேல் கட்டினார்கள். அமைதிக்காலத்திலும் போரின் முற்பகுதியிலும் முழு ஆரஞ்சு. எதிரி விமானங்கள் ஜப்பானுக்கு மேலேயே வரத் தொடங்கிய பிறகு மேற்பரப்பில் பச்சை, அடியில் ஆரஞ்சு. 1945 ஜூலை 29-ஆம் தேதி ஒகினாவா அருகே அமெரிக்க டெஸ்ட்ராயர் காலஹனை மூழ்கடித்தது இந்த வகை விமானம்தான். அந்த மாதிரி இரவுத் தாக்குதல் விமானத்தைக் கட்டுகிறவர் முழு ஆரஞ்சு அடித்தால் பொருந்தாது.

ஏ6எம்2-கே, இரட்டை இருக்கை ஜீரோ: தொடக்கத்தில் வந்தவை முழு ஆரஞ்சு, முன்மூடி கறுப்பு. பின்னால் வந்தவை மேலே அடர்பச்சை, அடியில் ஆரஞ்சு. வழக்கமான ஜீரோவின் சாம்பலை அடியில் அடிப்பதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் பிழை. இதை ஒமுராவின் கடற்படைத் தொழிற்சாலையும் ஹிட்டாச்சியும் கட்டின. மிட்சுபிஷியோ நகாஜிமாவோ கட்டவில்லை. அதனால் மிட்சுபிஷிப் பச்சையா (சி124), நகாஜிமாப் பச்சையா (சி15) என்று தூக்கம் கெட வேண்டாம். எதை அடித்தாலும் குற்றம் சொல்ல ஆளில்லை.

கே11டபிள்யூ ஷிராகிகு, இன்னொரு கடற்படைப் பயிற்சி விமானம்: இதே கதைதான். 1945-இல் தற்கொலைத் தாக்குதலுக்கு அனுப்பியவற்றுக்கு மேலே பச்சை வையுங்கள்.

ஆரஞ்சாக இருப்பதெல்லாம் பயிற்சி விமானம் என்றும் எண்ண வேண்டாம். கடற்படை சோதனை விமானங்களையும் இதே நிறத்தில்தான் விட்டது.

## அறிகுறி 5: தரைப்படை விமானத்தை ஆரஞ்சில் முடித்தாயிற்று, படத்தில் வேறு மாதிரி இருக்கிறது

தரைப்படையில் ஆரஞ்சு பொது விதி அல்ல. கி-9, கி-17 போன்ற தொடக்கப் பயிற்சி இருபடை விமானங்களில் ஆரஞ்சும் உண்டு, சாம்பல் பச்சையும் உண்டு. கி-55-க்கு முழுச் சாம்பல் பச்சை மிகச் சாதாரணம். படம் இல்லாமல் கி-55 கட்டினால் சாம்பல் பச்சையில் முடிப்பதுதான் பாதுகாப்பு. தமியாவில் எக்ஸ்எஃப்-14 அதற்கு நெருங்கி வரும். கே9டபிள்யூ, கி-86 இரண்டும் ஒரே ஜெர்மன் பியூக்கர் விமானத்தின் கடற்படை, தரைப்படைப் பிரதிகள். கிட் டப்பாவில் எந்தப் படையின் குறி இருக்கிறது என்று பார்த்த பிறகே நிறத்தை எடுங்கள்.

## அறிகுறி 6: திட்டுத் திட்டாக, அழுக்காக, பச்சை ஓடியதாகத் தெரிகிறது

மஞ்சள், ஆரஞ்சு பெயின்டுகளுக்கு மறைக்கும் சக்தி குறைவு. அடியில் இருப்பது எதுவானாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

சாம்பல் ப்ரைமர்: மஞ்சள் சாய்ந்த நிறம் சாம்பல்மேல் விழுந்தால் ஆலிவ் போல மங்கும். பத்துக்கு ஏழு கேஸ் இதுவாகத்தான் இருக்கும் என்று பந்தயம் கட்டலாம். மேலே இன்னும் ஆரஞ்சு அடித்துச் சரிசெய்ய நினைக்காதீர்கள். நிறம் தெளிவதற்குள் பேனல் கோடுகள் அடைந்துவிடும். வெள்ளையை மெல்லிய ஒரு கோட் அடித்து, பிறகு ஆரஞ்சுக்கு வாருங்கள்.

புட்டி வைத்த இடங்கள்: பிளாஸ்டிக் ஒரு நிறம், புட்டி ஒரு நிறம். இணைப்புக் கோடு நெடுக நிழல் ஓடும். சாம்பல் சர்ஃபேசர் (குறைகளைக் காட்டும் அடிப்பூச்சு) இணைப்புகளைச் சோதிக்க மட்டும். சோதனை முடிந்ததும் முழுவதையும் வெள்ளைக்குள் கொண்டுவந்துவிடுங்கள்.

ஒரே தடவையில் அடர்த்தியாக அடித்தது: விளிம்புகளில் பெயின்ட் விலகி வெள்ளை தெரியும், குழிகளில் தேங்கி அடர்ந்து தெரியும்.

நம்பி அடிக்கக்கூடிய வரிசை இது:

1. பாகங்களைப் பாத்திரம் தேய்க்கும் சோப்பில் கழுவிக் காயவைக்கவும். அச்சு எண்ணெய் இருந்தால் பின்னால் மாஸ்கிங் டேப்போடு பெயின்டும் உரிந்து வரும்.
2. மிஸ்டர் ஃபினிஷிங் சர்ஃபேசர் 1500 வெள்ளை, இரண்டு மெல்லிய கோட்.
3. விருப்பமிருந்தால் மிக வெளிறிய இளஞ்சிவப்பு ஒரு கோட்: வெள்ளை 20 பங்குக்குச் சிவப்பு ஒரு பங்கு. ஆரஞ்சு சீக்கிரம் மூடும், நிறத்தில் சூடு வரும். அறிகுறி 1-இல் சொன்னதுபோல அடர்த்தி கூடினால் கெடுத்துவிடும்.
4. சி58 ஒரு பங்குக்கு மிஸ்டர் கலர் லெவலிங் தின்னர் ஒன்றரை முதல் இரண்டு பங்கு. 0.3 மி.மீ. நாசில், 12 முதல் 15 பிஎஸ்ஐ. மூன்று அல்லது நான்கு கோட், நடுவில் பத்து நிமிடம்.
5. டேப் ஒட்டுமுன் லாக்கர் என்றால் ஒரு நாள், அக்ரிலிக் என்றால் இரண்டு நாள் காயவிடவும்.

மழைக்காலத்தில் லாக்கர் அடித்ததும் பால் தெளித்தாற்போல வெளுத்தால் அது ஈரப்பதத்தின் வேலை. தின்னரில் பத்தில் ஒரு பங்கு ரிடார்டர் (உலர்வதைத் தாமதப்படுத்தும் திரவம்) சேர்த்து ஒரு மெல்லிய கோட் விட்டால் வெளுப்பு கரையும். தமியா அக்ரிலிக் கோட்டின்மேல் லாக்கரை ஈரமாக அடித்தால் கீழ்க்கோட் சுருங்கிக்கொள்ளும். அங்கே தூசிபோல் அடித்து ஏற்ற வேண்டும்.

மூன்றாவது திருத்தக் கோட்டுக்குப் பிறகும் திட்டு போகவில்லையென்றால் நிறுத்துங்கள். அக்ரிலிக்காக இருந்தால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் கழுவி எடுக்கலாம். லாக்கரைத் தின்னரில் ஊறவைத்தால் பிளாஸ்டிக்கும் கூடவே கரையும். 2000 நம்பர் தாளால் ஈரத்தில் தேய்த்து இறக்குவதே வழி.

## அறிகுறி 7: ஹினோமாரு பழுப்பாகிவிட்டது, அல்லது தெரியவே இல்லை

டீகாலின் (நீரில் நனைத்து ஒட்டும் குறிப்படம்) சிவப்பு மெல்லியதாக இருந்தால் கீழே உள்ள நிறம் கசியும். ஆரஞ்சின்மேல் செங்கல்லாகவும் பச்சையின்மேல் கறுப்புப் பழுப்பாகவும் வரும். முதலில் இன்னொரு டீகால் இருந்தால் அதன்மேல் அதையே ஒட்டிப் பாருங்கள். மலிவான தீர்வு, பல நேரம் போதும். போதாவிட்டால் வட்ட வெட்டியால் டேப்பில் வட்டம் வெட்டி, உள்ளே வெள்ளை அடித்துக் காயவைத்து, மேலே சிவப்பு அடியுங்கள். எக்ஸ்எஃப்-7 போதுமானது.

சிவப்பு சரியாகவே இருந்தும் எட்ட நின்றால் ஆரஞ்சோடு கலந்துபோகிறதா? அது பிழையில்லை. நிஜ விமானத்திலும் அந்த இரண்டு நிறமும் அவ்வளவு நெருக்கம்தான். எடுப்பாகத் தெரிவதற்காக வெள்ளை வளையம் சேர்த்தால் அதுதான் பிழை.

இருபடை விமானத்தில் இறக்கை வட்டங்கள் மேல் இறக்கையின் மேற்புறத்திலும் கீழ் இறக்கையின் அடிப்புறத்திலும் மட்டும்.

## அறிகுறி 8: உரிந்த தடங்கள் பொய்யாகத் தெரிகின்றன

ஜப்பானிய விமானம் என்றால் வெள்ளித் தடம் போட வேண்டும் என்ற பழக்கம் பயிற்சி விமானத்தில் காலை வாரிவிடும். கே5ஒய்-இன் இறக்கை மரச் சட்டம், உடல் எஃகுக் குழாய், பெரும்பகுதி மேலே துணி. துணியை எவ்வளவு தேய்த்தாலும் அலுமினியம் வராது. வெள்ளித் தடம் மூக்குப் பகுதியின் உலோகத் தகடுகளிலும் ஏறிமிதிக்கும் இடத்திலும் மட்டும் இருக்கட்டும். ஆரஞ்சின்மேல் பின்னால் பச்சை அடித்த விமானத்தில் தேய்மானம் ஆரஞ்சாகத்தான் வெளிவர வேண்டும். இதற்கு ஆரஞ்சை அரைப்பளபளப்பு வார்னிஷால் மூடி, மேலே ஹேர்ஸ்ப்ரே, அதன்மேல் தமியா அக்ரிலிக் பச்சை. அரைமணிக்குள் ஈரத் தூரிகையால் தேய்த்தால் ஆரஞ்சு எட்டிப் பார்க்கும்.

கே5ஒய்-க்கு மர ப்ரொப்பெல்லர். செம்பழுப்பு ப்ரொப்பெல்லர் நிறம் சி131 ஏ6எம்2-கே-க்கு எடுத்துவையுங்கள்.

## அறிகுறி 9: வேலை மேசையில் சரி, அலமாரியில் தப்பு

மலிவு எல்இடி விளக்கின்கீழ் சிவப்பு அடங்கும், ஆரஞ்சு பச்சை பக்கம் சாயும். பெயின்டைத் தொடுமுன் மாடலைப் பகல் வெளிச்சத்தில், நேர் வெயில் படாத ஜன்னலோரம் வைத்துப் பாருங்கள். அங்கே சரியாக இருந்தால் மாற்ற வேண்டியது பல்பு. நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டுகிறது என்று சொல்லும் நிற மீட்புக் குறியீடு (CRI) 90-க்கு மேல் உள்ள விளக்கை மேசைக்கு வாங்குங்கள்.

முழு மேட் வார்னிஷும் இதே புகாரைக் கொண்டுவரும். ஆரஞ்சின்மேல் அது சுண்ணாம்பு பூத்தாற்போல இருக்கும். அரைப்பளபளப்பை ஒரு கோட் அடித்தால் நிறம் திரும்பிவரும்.

## எப்போது வேறொருவரிடம் போக வேண்டும்

உங்களிடம் நம்பகமான நிற மாதிரி அட்டை இருந்து, எந்தப் பாட்டிலும் அதற்கு ஒத்துவரவில்லையென்றால், கணினியில் நிறம் அளந்து கலக்கும் கார் பெயின்ட் கடைக்கு அட்டையை எடுத்துப் போகலாம். அளவு பார்த்துக் கலந்து தருவார்கள். ஹார்டனர் (கடினமாக்கும் திரவம்) சேர்க்கும் இரண்டு பாக வகையை வாங்காதீர்கள். அதன் ஐசோசயனேட் மூட்டம் நுரையீரலுக்கு ஆகாது, வீட்டு முகக்கவசம் அதற்குப் போதாது. ஒரு பாக வகையை வாங்கினாலும் கார் தின்னர் பிளாஸ்டிக்கை அரிக்கும் என்பதால் சர்ஃபேசர் முழுதாக மூடிய பிறகே, தூசிபோல் அடிக்க வேண்டும்.

மாடல் கிடைக்காத பழைய கிட்டாக இருந்து, பேனல் கோடுகள் ஏற்கெனவே பாதி அடைந்திருந்தால் அடுத்த முறை கழுவுவதைக் கூலிக்கு மாடல் கட்டிக்கொடுப்பவரிடம் விடுங்கள்.

கைக்கு வந்திருப்பது அசல் விமானத்துத் துணியோ தகடோ என்றால் எந்தத் தின்னரும் அதன்மேல் படக்கூடாது, பாலிஷும் வேண்டாம். மேலே ஏறிய பழுப்பு வெயிலாலும் பழைய வார்னிஷாலும் வந்ததாக இருக்கலாம். மடிப்புக்குள்ளோ தையலுக்கு அடியிலோ வெளிச்சம் படாத இடத்து நிறமே அசலுக்குக் கிட்டத்தில் இருக்கும். மடிப்பைப் பிரிப்பது அருங்காட்சியகப் பாதுகாப்பாளர் செய்ய வேண்டிய வேலை. அவர் பிரித்துக் காட்டும்போது பக்கத்தில் சாம்பல் அட்டை ஒன்றை வைத்துப் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்துக்கொண்டு வாருங்கள்.